லான்டினாம் டேவிட் டேவிஸ்: ரம்பக்குழியிலிருந்து காமன்ஸ் சபைக்கு

வேல்ஸ் நாட்டில் பொறியியல் பணியிலிருந்து அரசியலுக்கு வந்த ஒருவரின் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்லுங்கள் என்பதும், அந்த அனுபவம் அரசியலில் அவருக்கு எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதும் கேள்வி. இதற்குப் பொருத்தமானவர்கள் சிலர் உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளராக இருந்துவிட்டு, பின்னாளில் பெம்ப்ரோக், கார்டிஃப் தொகுதிகளின் உறுப்பினரான எட்வர்ட் ரீட் அவர்களுள் ஒருவர். ஆனால் அவர் ஆங்கிலேயர். வேல்ஸ் அவருக்குத் தொகுதி மட்டுமே. வேல்ஸ் மண்ணிலேயே பிறந்து, அந்த மண்ணையே வெட்டியும் துளைத்தும் பொருள் ஈட்டி, அந்த மக்களின் பிரதிநிதியாகவே நாடாளுமன்றம் சென்றவர் என்று பார்த்தால், லான்டினாம் ஊரைச் சேர்ந்த டேவிட் டேவிஸையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அவரைப் பொறியாளர் என்று அழைப்பது சரியா என்று கறாரான ஒருவர் கேட்கக்கூடும். அவர் பொறியியல் எதையும் முறையாகப் படித்தவர் அல்லர். பதினோரு வயதில் பள்ளியை விட்டவர். அவர் அமைத்த இருப்புப்பாதைகளின் வரைபடங்களில் பெஞ்சமின் பியர்சி போன்ற பொறியாளர்களின் பெயர்களே இருக்கும். டேவிஸ் ஒப்பந்தக்காரர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த இரு தொழில்களுக்கும் இடையிலான கோடு இன்றிருப்பதுபோல் அழுத்தமாக இல்லை. எந்த மண் தாங்கும், எந்தப் பாறை எத்தனை நாளில் உடையும், இந்த வேலைக்கு என்ன செலவாகும் என்பதை நேரில் பார்த்துக் கணித்துச் சொல்லி, சொன்ன தொகைக்குள் முடித்தும் கொடுப்பவரே அன்றைய கட்டுமான உலகில் பெரிய ஆள். அந்த வகையில் அவரைப் பொறியாளர் வரிசையில் வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

1818 டிசம்பர் 18 அன்று, மான்ட்கோமரிஷயர் பகுதியில், செவர்ன் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் உள்ள லான்டினாம் சிற்றூரின் அருகே ஒரு குத்தகை விவசாயியின் வீட்டில், ஒன்பது குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்தார். தந்தை நிலத்தோடு மரமறுக்கும் தொழிலும் செய்துவந்தார். பள்ளியை விட்ட மகன் அதே தொழிலில் இறங்கினான். அக்காலத்தில் ஆழமான குழி ஒன்றின் குறுக்கே அடிமரத்தைக் கிடத்தி, குழிக்குள் ஒருவரும் மரத்தின்மேல் ஒருவரும் நின்று, நீண்ட ரம்பத்தை மேலும் கீழுமாக இழுத்துத்தான் பலகை அறுப்பார்கள். கீழே நிற்பவரின் தலையிலும் கண்ணிலும் மரத்தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். மேலே நிற்பவரே கோடு பிசகாமல் ரம்பத்தைச் செலுத்துபவர், மரத்தின் போக்கைப் பார்த்து அதில் எத்தனை பலகை தேறும் என்று முடிவு செய்பவர். டேவிஸ் மேலே நின்றவர். 'மேல் ரம்பக்காரர்' என்ற பட்டப்பெயர் அவர் பெரும் செல்வந்தரான பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டது. அதை அவரும் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார். நிற்கும் மரத்தைப் பார்த்தே அதன் மதிப்பைச் சொல்லும் அந்தக் கண்தான் பின்னாளில் மலையையும் சதுப்பையும் பார்த்து ஒப்பந்தத் தொகை சொன்னது.

1846-இல் அவருடைய தந்தை இறந்தார். குடும்பப் பொறுப்பு தோளில் ஏறிய அதே ஆண்டில், மாவட்ட நில அளவையாளராக இருந்த தாமஸ் பென்சன், லான்டினாமில் செவர்ன் ஆற்றின்மேல் அமையவிருந்த இரும்புப் பாலத்துக்கு அடித்தளமும் அணுகுசாலையும் அமைக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். அந்த மாவட்டத்தின் முதல் இரும்புப் பாலம் அது, இன்றும் நிற்கிறது. அந்த வேலையைச் செய்து காட்டியதும் சாலை, பாலம் என்று சிறு சிறு ஒப்பந்தங்கள் அடுத்தடுத்து வந்தன. 1851-இல் மார்கரெட் ஜோன்ஸ் என்பவரை மணந்தார். எட்வர்ட் என்ற ஒரே மகன் பிறந்தார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் இருப்புப்பாதைகளின் காலம். லானிட்லாய்ஸ்–நியூடவுன் பாதை 1859-இல் திறக்கப்பட்டபோது அது வேறெந்தப் பாதையோடும் இணையாமல் தனித்து நின்றது. 1861-இல் ஆஸ்வெஸ்ட்ரியிலிருந்து வந்த பாதை நியூடவுனைத் தொடும்வரை அதன் எஞ்சின்கள் அந்தச் சில மைல்களுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தன. வடக்கே கிளூயிட் பள்ளத்தாக்கிலும் தெற்கே பெம்ப்ரோக்–டென்பி பகுதியிலும் அவர் பாதைகள் அமைத்தார். ஆனால் அவருடைய கைவண்ணத்தை ஓர் இடத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால், நியூடவுனிலிருந்து மஹன்லெத் செல்லும் பாதையில் உள்ள தலெர்திக் மலைவெட்டைத்தான் பார்க்க வேண்டும். மலை முகட்டில் சுரங்கப்பாதை குடையாமல், மேலிருந்து கீழ்வரை திறந்த வெட்டாகவே பாறையைப் பிளந்தார்கள். ஆழம் ஏறத்தாழ 120 அடி. அன்றைக்கு உலகிலேயே ஆழமான இருப்புப்பாதை வெட்டு அதுதான் என்று சொல்லப்பட்டது. வெட்டியெடுத்த கல்லை அவர் வீணாக்கவில்லை. அதே பாதையில் கட்ட வேண்டியிருந்த பாலங்களுக்கு அதையே கொண்டு சென்றார். பாறையை அகற்றும் செலவே பாலத்துக்குக் கல் வாங்கும் செலவை மிச்சப்படுத்தியது. 1863 ஜனவரியில் பாதை திறக்கப்பட்டது. இன்று ஷ்ரூஸ்பரியிலிருந்து அபெரிஸ்ட்வித் செல்லும் ரயில்கள் அந்த வெட்டின் வழியாகத்தான் போகின்றன.

இந்தப் பாதைகளை அமைத்த சிறு நிறுவனங்களிடம் ரொக்கம் கிடையாது. ஒப்பந்தக்காரருக்குக் கூலியாகப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் கொடுப்பார்கள். அவர் அவற்றை விற்றோ அடகு வைத்தோ வேலையை நடத்த வேண்டும். ஆகவே அன்றைய ஒப்பந்தக்காரர் பாதி முதலீட்டாளர். தொடக்கத்தில் டேவிஸுக்குக் கூட்டாளியாக இருந்த தாமஸ் சேவின் இந்த விளையாட்டில் மிகத் துணிச்சல்காரர். ஆஸ்வெஸ்ட்ரியில் துணி வணிகம் செய்துவந்த அவர், பாதைகளைக் கட்டியதோடு நில்லாமல் அவற்றைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டவும், கடற்கரை ஊர்களில் விடுதிகள் எழுப்பவும் இறங்கினார். 1860-இல் டேவிஸ் அந்தக் கூட்டிலிருந்து விலகிக்கொண்டார். 1866 தொடக்கத்தில், லண்டன் நிதிச்சந்தை சரிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, சேவின் நொடித்துப்போனார். அபெரிஸ்ட்வித் கடற்கரையில் ஏறக்குறைய 80,000 பவுண்டு செலவில் அவர் எழுப்பிய கோட்டை போன்ற விடுதியைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்க விரும்பியவர்கள் 1867-இல் வெறும் 10,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அந்தக் கல்லூரிக்கே டேவிஸ் பின்னர் பொருளாளரானார் என்பதைப் பார்க்கும்போது, பழைய கூட்டாளியின் நட்டக் கணக்கைத் தினமும் படியேறிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அமைந்தது என்றே சொல்ல வேண்டும்.

அரசியல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், அதுவும் ஒரு ரயில் வேலைக்கு நடுவில்தான். மான்செஸ்டர்–மில்ஃபோர்ட் ரயில்வே என்ற நிறுவனத்துக்காக அவர் கார்டிகன்ஷயர் வழியாகப் பாதை அமைத்துக்கொண்டிருந்தார். (பெயரில் இருக்கும் இரண்டு ஊர்களில் எதையுமே அந்தப் பாதை கடைசிவரை எட்டவில்லை.) திரெகாரன் அருகே பெரிய சதுப்புநிலம் குறுக்கிட்டது, கொட்டிய மண்ணையெல்லாம் அது விழுங்கியது. புதர்ச்செடிக் கட்டுகளையும் கம்பளிப் பொதிகளையும் அடியில் பரப்பி, அந்த மெத்தையின்மேல் பாதையை மிதக்கவிட்டார் என்பர். 1866-இல் லாம்பெட்டரும் 1867-இல் அபெரிஸ்ட்வித்தும் அந்தப் பாதையால் இணைந்தன. இந்த வேலை நடந்துகொண்டிருந்த 1865-இல்தான் அவர் கார்டிகன்ஷயர் தொகுதியில் லிபரல் வேட்பாளராக நின்றார். எதிரே நின்ற சர் தாமஸ் லாய்டும் லிபரல் கட்சிக்காரரே. ஆனால் பரம்பரை நிலக்கிழார். அன்று வாக்களிப்பு பகிரங்கமானது: வாக்காளர் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும், நிலக்கிழாரின் ஆள் குறித்துக்கொள்வார். லாய்டுக்கு 1,510 வாக்குகள், டேவிஸுக்கு 1,149. முதல் முயற்சியில், சொந்த மாவட்டமும் அல்லாத இடத்தில், மரமறுத்தவரின் மகனுக்கு அத்தனை பேர் வெளிப்படையாக வாக்களித்ததையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

அவர் உடனே மறுபடியும் தேர்தலில் இறங்கவில்லை; அப்போது அவருடைய பணமும் கவனமும் தெற்கே நிலத்துக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தன. 1864-இல் ரோந்தா பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் நிலக்கரி எடுக்கும் உரிமையைக் குத்தகைக்குப் பெற்று, பார்க், மைண்டி என்ற இரு சுரங்கக் குழிகளைத் தோண்டத் தொடங்கியிருந்தார். கப்பல் கொதிகலன்களுக்கு ஏற்ற, புகை குறைந்த நீராவி நிலக்கரி அந்தப் பள்ளத்தாக்கில் மிக ஆழத்தில் இருந்தது. ஓராண்டுக்கு மேல் தோண்டியும் ஒன்றும் தட்டுப்படவில்லை. போட்ட முதல் கரைந்துகொண்டே போனது. அந்தக் கட்டத்தைப் பற்றி வேல்ஸில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. டேவிஸ் தொழிலாளர்களைக் கூட்டி, இனிக் கூலி கொடுக்க வழியில்லை, என்னிடம் மிச்சமிருப்பது இந்த அரைக் கிரவுன் நாணயம் மட்டுமே என்றாராம். அதையும் கொடுத்துவிடுங்கள் என்று கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுக்க, அதையும் தூக்கிப் போட்டாராம். ஆட்கள் கூலியில்லாமல் இன்னும் ஒரு வாரம் உழைக்க ஒப்புக்கொள்ள, அந்த வாரத்துக்குள் நிலக்கரி தட்டியதாம். கதையின் மெருகை எத்தனை பேர் ஏற்றினார்கள் என்று யாரறிவார்! 1866-இல் ஏறத்தாழ 660 அடி ஆழத்தில் உயர்தர நிலக்கரிப் படுகை கிடைத்தது என்பது மட்டும் வரலாறு. அடுத்தடுத்துப் பல சுரங்கங்கள் தோன்றின. 'ஓஷன்' என்ற பெயரில் அந்த நிலக்கரி துறைமுகங்களெங்கும் சென்றது. 1887-இல் ஓஷன் நிலக்கரி நிறுவனம் முறையாகப் பதிவானபோது அது தென் வேல்ஸின் மிகப் பெரிய சுரங்க நிறுவனங்களுள் ஒன்று.

1874-இல் கார்டிகன் நகரத் தொகுதியில் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1880-இல் மீண்டும் அப்படியே வென்றார். ஆங்கிலத் திருச்சபையிலிருந்து பிரிந்த கால்வினிய மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், மது தொடாதவர், ஞாயிற்றுக்கிழமை தன் வேலைத்தலங்களில் வேலை கூடாது என்பதில் பிடிவாதமானவர். ஆங்கிலத் திருச்சபையின் ஆதிக்கத்தை விரும்பாத வேல்ஸ் சபைமக்களுக்கு அவர் தங்களில் ஒருவர். காமன்ஸ் சபையில் தம்மைத் தாமே உருவாக்கிக்கொண்டவர் என்று அவர் பேசியபோது, 'உறுப்பினர் தம்மைப் படைத்தவரைத் துதிப்பது மகிழ்ச்சி' என்று கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் டிஸ்ரேலி கிண்டலடித்தார் என்று ஒரு செய்தி உலவுகிறது. அதே கிண்டல் வேறு சிலரைப் பற்றியும் சொல்லப்படுவதால் நான் அதற்கு அதிக எடை தரமாட்டேன். அமைச்சர் பதவி எதையும் அவர் வகித்ததில்லை. சபைப் பேச்சை மட்டும் வைத்து அளந்தால் அவர் ஒரு சாதாரண உறுப்பினராகவே தெரிவார்.

இங்கேதான் பொறியியலுக்கும் அரசியலுக்கும் உள்ள தொடர்பைப் பலர் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து. அன்றைய பிரிட்டனில் ஒரு மைல் இருப்புப்பாதை போடவும், ஒரு துறைமுகம் தோண்டவும், அதற்கான நிலத்தைக் கட்டாயமாக வாங்கவும் நாடாளுமன்றத்தின் தனிச்சட்டம் வேண்டும். மசோதாவைச் சிறு குழு ஒன்று நீதிமன்றம்போல் விசாரிக்கும். எதிர்ப்பாளர்களின் வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். சாய்வு என்ன, சரக்கு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று சாட்சிகள் பதில் சொல்ல வேண்டும். எனவே டேவிஸைப் போன்றவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் என்பது தொழிலை விட்டுவிட்டு வந்து சேர்ந்த இடமே அல்ல. உறுப்பினராவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, எந்தப் பாதை பிழைக்கும் எது சாகும் என்பதைத் தீர்மானிக்கும் இடங்களாக அதன் குழு அறைகளை அவர் அறிந்திருந்தார்.

பேரி துறைமுக விவகாரம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1880-களின் தொடக்கத்தில் ரோந்தா நிலக்கரி பெரும்பாலும் டாஃப் வேல் ரயில்வே வழியாக, பியூட் பிரபுவின் குடும்பத்துக்குச் சொந்தமான கார்டிஃப் கப்பல்துறைகளுக்கே போக வேண்டியிருந்தது. இரண்டும் நெரிசலில் திணறின. வண்டிகள் வரிசையில் காத்துக்கிடந்தன, கப்பல்கள் இடத்துக்காகக் காத்துக்கிடந்தன, கட்டணமோ குறையவில்லை. சுரங்க முதலாளிகள் சிலர், டேவிஸின் தலைமையில், கார்டிஃபுக்குத் தென்மேற்கே சில மைல் தொலைவில், சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த பேரி என்னும் கரையோரத்தில் சொந்தத் துறைமுகமும், பள்ளத்தாக்கிலிருந்து நேராக அதற்கு வரும் இருப்புப்பாதையும் அமைக்கத் திட்டமிட்டார்கள். பியூட் தரப்பும் டாஃப் வேல் நிறுவனமும் முழுமூச்சாக எதிர்த்தன. 1883-இல் காமன்ஸ் சபை மசோதாவை ஏற்றது. பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. மறு ஆண்டே அதே மசோதா திரும்பவும் வந்தது. குழுவின் முன் மீண்டும் சாட்சிகள், மீண்டும் புள்ளிவிவரங்கள். 1884 ஆகஸ்டில் அது சட்டமானது. நவம்பரில், நிலத்தின் உரிமையாளரும் நிறுவனத்தின் தலைவருமான வின்ட்சர் பிரபு முதல் மண்ணை வெட்டினார். துணைத்தலைவர் டேவிஸ்.

பொறியாளராக ஜான் வுல்ஃப் பேரி அமர்த்தப்பட்டார். ஊரின் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயலே. செவர்ன் சுரங்கப்பாதையைக் கட்டிய டி. ஏ. வாக்கர் ஒப்பந்தக்காரர். நிலத்துக்கும் பேரித் தீவுக்கும் இடையிலிருந்த கடற்கால்வாயை அணைகளால் அடைத்து, நீரை வெளியேற்றி, உள்ளே சுமார் 73 ஏக்கர் பரப்பில் கப்பல்துறையைத் தோண்டினார்கள். 1889 ஜூலை 18 அன்று அது திறக்கப்பட்டது; டேவிஸுக்கு அப்போது வயது எழுபது. 1891 கணக்கெடுப்பில் பேரியின் மக்கள்தொகை 13,000-ஐத் தாண்டியிருந்தது. 1913-இல் ஒரு கோடியே 10 லட்சம் டன் நிலக்கரியை ஏற்றுமதி செய்து கார்டிஃபையே அது முந்தியது.

இவ்வளவையும் படித்துவிட்டு அவரை எல்லாருக்கும் நல்லவராக நினைத்துக்கொள்ளக் கூடாது. அவர் முதலாளி, அவருடைய நலனும் தொழிலாளர் நலனும் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. 1875-இல் தென் வேல்ஸ் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது, ஏறக்குறைய ஐந்து மாதம் பட்டினி கிடந்த பிறகு தொழிலாளர்கள் 12.5 விழுக்காடு கூலிக்குறைப்பை ஏற்க வேண்டியதாயிற்று. நிலக்கரி விலையோடு கூலியும் ஏறி இறங்கும் முறை அதன் பிறகே நிலைபெற்றது. விலை சரிந்தால் அதன் சுமை தொழிலாளியின் தலையில் விழும் என்ற குறை இறுதிவரை தீரவில்லை. அரைக் கிரவுன் கதையை விரும்பிச் சொல்லும் நூல்கள் இந்தப் பக்கத்தில் அவ்வளவு நேரம் தங்குவதில்லை.

1885-இல் தொகுதிகள் மறுசீரமைக்கப்பட்டு நகரத் தொகுதி ஒழிக்கப்பட்டது. டேவிஸ் முழு மாவட்டத் தொகுதியில் நின்று, கன்சர்வேட்டிவ் வேட்பாளர் வாகன் டேவிஸை எளிதாக வென்றார். (தோற்ற அந்த மனிதர் பின்னர் கட்சி மாறி, 1895 முதல் 1921 வரை அதே தொகுதியின் லிபரல் உறுப்பினராக இருந்தார் என்பது தனி வேடிக்கை.) ஆனால் அடுத்த ஆண்டே லிபரல் கட்சித் தலைவரும் பிரதமருமான கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1886 ஜூன் 8 அன்று அது 341-க்கு 311 என்ற வாக்குகளில் தோற்றது. எதிர்த்து வாக்களித்த லிபரல்களில் டேவிஸும் ஒருவர். அடுத்த மாதமே பொதுத்தேர்தல். தொகுதியின் சபைமக்களுக்கு கிளாட்ஸ்டன் மீது இருந்த பற்று, தங்கள் ஊருக்கு ரயில் கொண்டுவந்தவர் மீது இருந்த நன்றியைவிட வலுவாக இருந்தது. கிளாட்ஸ்டன் தரப்பில் நின்ற வழக்கறிஞர் போவன் ரோலண்ட்ஸிடம் டேவிஸ் தோற்றார். வித்தியாசம் ஒன்பதே வாக்குகள்.

பொறியியல் அனுபவம் அரசியலில் பயன்பட்டதா என்ற கேள்விக்கு என் பதில் இந்த இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவில் இருக்கிறது. பேரியில் பயன்பட்டது, ஏனென்றால் அங்கே எதிர்ப்பாளர் கேட்டவை அளவும் செலவும் சரக்கும் பற்றிய கேள்விகள். ஒருமுறை தள்ளினால் கணக்கைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் போகலாம். அயர்லாந்து விவகாரத்தில் பயன்படவில்லை. அங்கே வாக்காளர் எதிர்பார்த்தது கட்சித் தலைவர் மீதான விசுவாசம். தலைவரே சொன்னாலும் தமக்குச் சரியென்று படாததை ஏற்காத ஒப்பந்தக்காரரின் பழக்கம் அவரைத் தோற்கடித்தது. அந்தத் தோல்வி அவரை ஆழமாகக் காயப்படுத்தியதாகவே தெரிகிறது. 1875 முதல் வகித்துவந்த அபெரிஸ்ட்வித் கல்லூரிப் பொருளாளர் பொறுப்பிலிருந்தும் 1887-இல் விலகிவிட்டார்.

பேரி திறக்கப்பட்டு ஓராண்டு முடிந்த இரண்டாம் நாள், 1890 ஜூலை 20 அன்று அவர் காலமானார். லான்டினாமிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் முதன்முதலில் அடித்தளம் போட்ட அந்த இரும்புப் பாலத்தின் அருகில், கையில் விரித்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது. லண்டன் பிக்காடிலியின் புகழ்பெற்ற நீரூற்றுச் சிற்பத்தைச் செய்த ஆல்ஃபிரட் கில்பர்ட்டின் வேலைப்பாடு. அதே சிலையின் மற்றொரு வார்ப்பு பேரியில் கப்பல்துறை அலுவலகத்தின் முன் நிற்கிறது.

மகன் எட்வர்ட் 1898-இல் இறந்துவிட, சொத்து மூன்று பேரக்குழந்தைகளிடம் சென்றது. பேத்திகளான குவெண்டலினும் மார்கரெட்டும் வாங்கிச் சேர்த்த பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியங்கள் கார்டிஃபில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. தாத்தாவின் பெயரையே தாங்கிய பேரன் டேவிட், தாத்தா ஒருபோதும் பிரதிநிதியாக இல்லாத சொந்த மாவட்டமான மான்ட்கோமரிஷயரின் உறுப்பினராக 1906 முதல் 1929 வரை இருந்தார். முதல் உலகப்போரில் களத்தில் பணியாற்றித் திரும்பியவர் அவர். அவரும் சகோதரிகளும் கொடுத்த நிதியில்தான், 1919-இல், சர்வதேச அரசியலுக்கென உலகின் முதல் பேராசிரியர் பதவி அபெரிஸ்ட்வித்தில் உருவானது.